கோட்டை தெரியாத புதன்கிழமை

சாமி, இதை நின்றுகொண்டே படிக்காதே. கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேசும்போது ‘சரிங்கப்பா, அப்பறம் பேசறேன்’ என்று நீ சொல்லும் இடம் ஒன்று வரும். அந்த இடத்தில் நான் எப்போதும் விட்டுவிடுவேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. மூன்று நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் அம்மா இரண்டு தடவை படித்துவிட்டாள். ஓரிடத்தில் மூக்கைச் சிந்தினாள், இன்னோரிடத்தில் ‘இத மட்டும் அடிச்சு உட்ருங்க’ என்றாள். நான் அடிக்கவில்லை.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் எடின்பரோவுக்கு வருகிறேன். பாஸ்போர்ட் வந்துவிட்டது. விசாவுக்கு நீ எழுதித் தர வேண்டிய அழைப்புக் கடிதம் ஒன்றுதான் பாக்கி. உன் விலாசம், நீ பார்க்கும் வேலை, நான் எத்தனை நாள் தங்குவேன் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும் என்று சேலத்து டிராவல்ஸ்காரர் சொன்னார். அதை உன்னிடம் நான்கு தடவை சொன்னேன். முதல் தடவை ‘ஆபீஸ்ல நொம்ப வேலைங்கப்பா’ என்றாய். இரண்டாவது தடவை குளிர் தாங்காது என்றாய். மூன்றாவது தடவை, உங்களுக்கு இங்கே வழி தெரியாது, பகலெல்லாம் அறைக்குள்ளேயே அடைந்து கிடப்பீர்கள் என்றாய். நான்காவது தடவை, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றாய். முப்பது வருஷம் இந்த மலையில் ஜீப் ஓட்டியவனிடம், இருபது கொண்டை ஊசி வளைவையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவனிடம் வழி தெரியாது என்று சொன்னால் கோபம் வருமா வராதா? வந்தது. உன் ஊரை முழுக்க நடந்து பார்த்துவிட்டு, அப்புறம் உன்னோடு பேசுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். நடந்தும் பார்த்துவிட்டேன், ஏற்காட்டில் இருந்தபடியே.

எப்படி என்று கேட்பாய். சித்திரையில் மதுரையிலிருந்து ஒரு ரிட்டையர்டு டீச்சரம்மா வந்திருந்தார். சேர்வராயன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வரும் வழியில், ‘போன வாரம் இஸ்தான்புல்ல ஒன்றரை மணி நேரம் நடந்தேன், கால் வலியே இல்லை’ என்றார். வெயிலில் ஏதோ ஆகிவிட்டது போல என்று நினைத்து வண்டியை நிழலில் நிறுத்தித் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவர் சிரித்துவிட்டுத் தன் போனை எடுத்துக் காட்டினார். எங்கோ ஒரு தெருவில் ஒருவர் போனைக் கையில் பிடித்தபடி நடக்கிறார். அவரோடு இருபது பேர், ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்துகொண்டு, அந்தத் தெருவைப் பார்த்தபடியே போகிறார்கள். அந்தக் கடைக்குள் போங்கள், இந்தச் சந்தில் திரும்புங்கள், அது என்ன மரம் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். எடின்பரோவுக்கும் தமிழிலேயே ஒரு குழு இருப்பதாக டீச்சர் சொன்னார். அன்றைக்கே என்னையும் சேர்த்துவிட்டார். புதன்கிழமைதோறும் நமக்கு மத்தியானம் மூன்றரை மணி, உனக்குக் காலை பதினொன்று. புதன்கிழமை இங்கே சவாரியும் குறைவு என்பது உனக்கே தெரியும்.

நடத்துகிறவள் நிவேதா என்று ஒரு திருச்சிப் பெண். அங்கே படிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டவள். முதல் இரண்டு வாரம் நான் அவளைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு கைடின் வேலையை இன்னொரு கைடு எப்படிச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பான்? இவ்வளவு வேகமாகப் போகாதே, கிழக்கு எது என்று சொல், பார்க்கிறவர்களுக்கு மூச்சு வாங்க நேரம் கொடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவளும் கோபப்படாமல், ‘சரிங்க ஐயா, நோட் பண்ணிக்கறேன்’ என்பாள். மூன்றாவது வாரத்திலிருந்து நானும் உட்கார்ந்து பார்ப்பதை விட்டுவிட்டேன். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு நம் ஏரியைச் சுற்றி நடந்துகொண்டே அவளோடு போக ஆரம்பித்தேன். உன் ஊர்க் கோட்டைக்குப் போகும் தெருவின் ஏற்றத்தில் அவள் ஏறும்போது நான் படகுத்துறை மேட்டில் ஏறுவேன். ஒருநாள் போனைப் பார்த்துக்கொண்டே போய் மக்காச்சோளம் சுடுகிறவருடைய தள்ளுவண்டியில் மோதிவிட்டேன். ‘ஏனுங்க, கண்ணு எங்கீங்க இருக்குது?’ என்று கேட்டார். ‘எடின்பரோவுலீங்க’ என்றேன். அதிலிருந்து ஜீப் ஸ்டாண்டில் எனக்கு அதுவே பெயராகிவிட்டது. ஆனால் பார், கிளட்சை மிதித்தே பழகிய காலால் இன்றைக்கு ஏரியை இரண்டு சுற்று நிற்காமல் நடக்கிறேன். விமான நிலையத்திலிருந்து டிராம் பிடிக்கத் தெரியும். எந்தச் சந்தில் இறங்கினால் ஸ்டேஷன் வரும் என்று தெரியும். டிரிப் நோட்டின் பின்பக்கத்தில் உன் ஊர் மேப்பை நானே போட்டு வைத்திருக்கிறேன். வழி தெரியாது என்ற பேச்சை இனி எடுக்காதே.

இப்போது நான் செய்த தப்புக்கு வருகிறேன். அந்தக் குழுவில் ஒவ்வொரு வாரமும் ஒருவர் ஓர் இடத்தைக் கேட்கலாம். என் முறை வந்தபோது, உனக்கு மிளகும் காப்பித்தூளும் பார்சல் அனுப்பினோமே, அந்த விலாசத்தில் இருந்த தெருப் பெயரைச் சொன்னேன். அங்கே யார் இருக்கிறார்கள் என்று நிவேதா கேட்டாள். மகன் என்று சொல்லவில்லை. ‘பழைய கஸ்டமர் ஒருத்தருங்க’ என்றேன். ‘யார் வீட்டு வாசலையும் காட்ட மாட்டேன் ஐயா, அது சரியில்லை. தெருவை மட்டும் பார்க்கலாம்’ என்றாள். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உன் தெருவுக்குள் வந்தது தப்பு கண்ணு. அந்தப் பெண்ணிடம் பொய் சொன்னது அதைவிடத் தப்பு. அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவளிடம் அடுத்த வாரமே கேட்டுவிட்டேன்.

தெருவில் இரண்டு பக்கமும் உயரமான கல் கட்டடங்கள். நான் ஆசையாக, ‘இந்த ஊட்டு ஜன்னல்ல இருந்து கோட்டை தெரியுமில்லீங்களா?’ என்று கேட்டேன். ஏனென்றால் மூன்று வருஷமாக நீ சொல்லிக்கொண்டிருப்பது அதுதானே: காலையில் திரைச்சீலையை விலக்கினால் நேர் எதிரே கோட்டை. அந்தப் பெண் இரண்டு பக்கமும் போனைத் திருப்பிக் காட்டிவிட்டு, ‘இந்தத் தெருவில் எந்த ஜன்னலிலும் தெரியாது ஐயா. நல்ல வெயிலில்கூடத் தெரியாது. பக்கத்தில் ஒரு பூங்கா இருக்கு, அங்கே போனால் தெரியும்’ என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவளுக்கு இடம் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பூங்காவுக்குப் போனோம். பெரிய குளம், கரையில் நடைபாதை, குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரே வெள்ளை. கடலிலிருந்து பனி ஏறி வந்துவிட்டதாம். ‘இங்கிருந்து கோட்டை நல்லாத் தெரியும். இன்னைக்குத் தெரியாது. வாங்க, அன்னம் பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குக் குளத்தின் பக்கம் திரும்பினாள். எனக்குப் பொறுக்கவில்லை. ‘ஏம்மா, இந்தா இந்தப் பக்கம் இருக்குதுன்னு கையக் காட்டி நாலு வார்த்தை சொல்றதுக்கு என்னம்மா? பாக்க வந்தவங்க ஏமாந்து போவாங்கல்ல?’ என்றேன். ‘தெரியாததைக் காட்டினாத்தானே ஐயா ஏமாந்து போவாங்க?’ என்றாள். இருபது பேர் முன்னால். டீச்சர் வேறு சிரித்துவிட்டார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் திரையின் ஓரத்தில், அன்னத்துக்குப் பின்னால், ஒரு கை நீண்டது. முதலில் முழுக் கையும் நீண்டது. பிறகு மணிக்கட்டு மட்டும் இடது பக்கம் லேசாகத் திரும்பி, இரண்டு விரல் ஒரு துணியை விலக்குவது போல விலகியது. உலகத்தில் அப்படிக் கை காட்டுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவன் ஏரிக்கரையில் போனும் கையுமாக நின்றுகொண்டிருந்தான். இன்னொருவன் நீலச் சீருடை போட்டுக்கொண்டு, சக்கர நாற்காலியில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவருக்கு, அந்த வெறும் பனியில் கோட்டையைக் காட்டிக்கொண்டிருந்தான். பெரியவர் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். நீ குனிந்து அவர் முழங்காலில் நழுவிய போர்வையைச் சரி செய்தாய், மூக்கைத் துடைத்துவிட்டாய். பிறகு திரும்பினாய். குளிரில் உன் காது சிவந்திருந்தது. ‘நெட்டு போயிருச்சு’ என்று சொல்லிவிட்டு நான் போனை அணைத்தேன். நம் ஊரில் அன்றைக்கு நல்ல வெயில். படகுக்காரர் ‘என்னங்க, நின்னுட்டீங்க?’ என்று கேட்டுவிட்டுப் போனார். 

அந்தக் கையை உனக்குக் கொடுத்தது நான்தான். உனக்கு ஒன்பது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து லேடீஸ் சீட் வியூ பாயிண்ட் வரைக்கும் வந்தாய். பெங்களூர்க் குடும்பம் ஒன்று வந்திருந்தது. கை நீட்டினால் கை தெரியாத பனி. நான் வழக்கம்போல, ‘அங்க பாருங்க சார், வெள்ளையா மின்னுதுல்ல, அதான் மேட்டூர் டேம். இந்தப் பக்கம் சேலம் டவுன்’ என்று காட்டினேன். அவர்களும் வழக்கம்போல, ‘ஆமா ஆமா, தெரியுது’ என்றார்கள். இத்தனை வருஷத்தில் தெரியவில்லை என்று சொன்ன பயணியை நான் பார்த்ததில்லை. அவ்வளவு தூரம் மலையேறி வந்துவிட்டுத் தெரியவில்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? நீதான் சத்தமாகச் சொன்னாய்: ‘அப்பா, அங்க ஒண்ணுமே இல்லீங்கப்பா. வெறும் பனிதானுங்க.’ ஜீப்புக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் உன் கன்னத்தில் ஒன்று வைத்தேன். நீ அழவில்லை. அடுத்த சீசனில் நீயே கையை நீட்டி, மணிக்கட்டைத் திருப்பி, டேமைக் காட்டினாய். நான் பூரித்துப் போய் ஸ்டாண்டில் இருந்த எல்லோருக்கும் சொன்னேன்: ‘என்ற பையன் பொழச்சுக்குவான்.’ உண்மையைச் சொன்னதற்கு அடி, பொய் சொன்னதற்குப் பாராட்டு. இப்படி ஒரு பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை, அப்பன் கேட்கும்போது ஜன்னலில் கோட்டை தெரிகிறது என்று சொல்லாமல் வேறு என்ன சொல்லும்?

இன்னொன்றும் இருக்கிறது. அடித்துவிடுங்கள் என்று அம்மா சொன்ன பகுதி இதுதான். உனக்குப் பதினான்கு வயதில் உன் தாத்தா படுத்த படுக்கையாக ஒரு வருஷம் கிடந்தார். என்னைப் பெற்றவர். நான் ஒருநாள்கூட அவரைத் தூக்கிக் குளிப்பாட்டியதில்லை. எல்லாம் உன் அம்மாதான் செய்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நீ அவளோடு சேர்ந்து அவரைப் புரட்டிப் படுக்க வைப்பாய், முதுகில் பவுடர் போட்டுவிடுவாய். ஒருநாள் நான் உள்ளே வந்தபோது நீ அவருடைய அழுக்குத் துணியை அலசிக்கொண்டிருந்தாய். வாளியை எட்டி உதைத்தேன். ‘ஆம்பளப் பையன் செய்யற வேலையாடா இது? இதுக்காடா உன்னப் படிக்க வெக்கறேன்?’ என்றேன். தாத்தாவுக்கு அது கேட்டிருக்கும். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதை நீயும் பார்த்தாய். அதற்குப் பிறகு அவர் கொஞ்ச நாள்தான் இருந்தார். அந்த வாளியை நான் மறந்தேபோய்விட்டேன், பூங்காவில் உன்னைப் பார்க்கிற வரைக்கும்.

நீ அங்கே படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைத்துவிட்டது என்று சொன்ன நாளும் இப்போது நினைவுக்கு வருகிறது. என்ன வேலை என்று கேட்டேன். நீ உடனே சொல்லவில்லை.  நான்தான் பொறுக்காமல், ‘ஆபீஸ் வேலைதானே சாமி?’ என்றேன். ‘ஆமாங்கப்பா’ என்றாய். அந்த வார்த்தையை உன் வாயில் வைத்ததே நான். அன்றைக்கே ஸ்டாண்டில் உன்னை ஆபீசராக்கினேன். அடுத்த மாதம் மேனேஜராக்கினேன். நான் ஒரு படி ஏற்ற ஏற்ற, நீ கீழே இறங்க வழியில்லாமல் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறாய்.

பூங்காவில் உன்னைப் பார்த்த அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கொள்ளு அலசிக்கொண்டிருந்தாள். அதிர்ச்சியில் பாத்திரத்தைப் போட்டுவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தண்ணீரை வடித்துவிட்டு, ‘எனக்குத் தெரியுமுங்க’ என்றாள். மூன்று வருஷமாகவா என்று கேட்டேன். ‘மொத மாசமே சொல்லிட்டானுங்க. பெரியவங்களப் பாத்துக்கற ஊட்டுல வேலை. குளிப்பாட்டறது, சோறூட்டறது, வெளிய கூட்டிப்போறது. அவனுக்குப் புடிச்சிருக்குதுங்களாம். உங்கள்ட்டச் சொன்னா நீங்க ஸ்டாண்டுல என்னத்தச் சொல்லுவீங்க? அதான் சொல்லலீங்க.’ எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஊருக்கெல்லாம் பனியைக் காட்டிப் பிழைத்தவனுக்கு வீட்டுக்குள்ளேயே இரண்டு கைடுகள்! இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாவது நாள் அவளே காப்பியை நீட்டி, ‘கோவம் என்ற மேலயா, உங்க மேலயா?’ என்று கேட்டாள். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தேன். முப்பத்திரண்டு வருஷத்தில் நான் கழுவிய முதல் டம்ளர் என்று அவள் சொல்கிறாள். அவ்வளவு மோசம் இல்லை, இரண்டாவதாக இருக்கும்.

அடுத்த நாள் காலையில் ஸ்டாண்டுக்குப் போய், எல்லோரும் டீ குடிக்கும் நேரமாகப் பார்த்துச் சொன்னேன். ‘என்ற பையன் மேனேஜர் இல்லீங்க. வயசானவங்களப் பாத்துக்கற எடத்துல வேலை செய்யறான். குளிப்பாட்டி, துணி மாத்தி, சோறூட்டி உடறான். நான் எங்கப்பனுக்குச் செய்யாததை அவன் யாரோட அப்பனுக்கோ செய்யறான்.’  கரடியூர்க்காரர் ஒருவர், ‘ஏனுங்க, அவ்வளவு படிச்ச பையன் போயி...’ என்று இழுத்தார். ‘படிச்சதாலதானுங்க நாற்காலிய எந்தப் பக்கம் புடிச்சுத் தள்ளணும்னு தெரியுது’ என்றேன். பதில் அவ்வளவு பிரமாதமில்லைதான். ஆனால் குரல் நடுங்காமல் சொன்னேன். எத்தனை பேர் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள் என்று தெரியாது. சிரிக்கட்டும். இனிமேல் நீ யாருக்காகவும் மேனேஜராக இருக்க வேண்டியதில்லை.

போன வாரம் லேடீஸ் சீட்டில் மறுபடியும் பனி. திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம். என் கை பழக்கத்தில் தானாகவே பாதி நீண்டுவிட்டது. மடக்கிக்கொண்டேன். ‘ஒண்ணும் தெரியலீங்க. பனி. அரை மணி நேரம் இருந்து பாக்கலாமுங்களா?’ என்றேன். அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ‘தெரியாதுன்னா எதுக்குங்க இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தீங்க?’ என்று திட்டினார். பனி விலகவும் இல்லை. திட்டு வாங்கிக்கொண்டு கீழே கொண்டுபோய் விட்டேன். உண்மை சொன்னால் வெயில் அடிக்கும் என்றெல்லாம் ஒன்றும் இல்லை கண்ணு. உனக்கும் அடிக்காது. ஆனாலும் சொல்லிவிட வேண்டும் என்று இந்த வயதில்தான் எனக்குப் புரிந்திருக்கிறது.

பூங்காவில் நீ கை காட்டியதை மட்டும் நான் பொய் என்று சொல்ல மாட்டேன். இதைப் பல நாள் யோசித்தேன். நான் காட்டியது என் சவாரி கெட்டுவிடக் கூடாது என்பதற்காக. நீ காட்டியது அந்தப் பெரியவர் சிரிக்க வேண்டும் என்பதற்காக. இளவயதில் அவர் தினமும் பார்த்த கோட்டையாக இருக்கும். அது அங்கேதான் இருக்கிறது என்று சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும். என்னிடம் திருடிய வித்தையை என்னைவிட நல்ல காரியத்துக்குப் பயன்படுத்துகிறாய். எனக்குப் பெருமையாக இருக்கிறது. இந்த வார்த்தையை நான் உன்னிடம் போனில் சொல்ல மாட்டேன், எனக்கு வராது. அதனால் இந்த வரியை இன்னொரு தடவை படித்துக்கொள். ஆனால் எனக்கு நீ அப்படிக் காட்ட வேண்டாம். எனக்கு இன்னும் கண் நன்றாகத் தெரிகிறது. உன் ஜன்னலில் எதிர் வீட்டுச் சுவர்தான் தெரியும் என்றால் அந்தச் சுவரைக் காட்டு, பார்த்துக்கொள்கிறேன். வேலை கஷ்டமாக இருக்கும் நாளில் கஷ்டம் என்று சொல். நான் ‘திரும்பி வந்துடு’ என்று கத்த மாட்டேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்கையைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

ஆகவே, அந்தக் கடிதத்தை எழுது. வேலை என்ன என்று எழுதும் இடத்தில், நீ என்ன செய்கிறாயோ அதை அப்படியே எழுது. உங்கள் இல்லத்தின் பெயரை எழுது, நீ எத்தனை பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிறாய் என்றும் எழுதலாம். தனி அறை இல்லையென்றால் இல்லை என்று எழுது, தரையில் படுத்துக்கொள்கிறேன். சேலத்துக்காரரிடம் அதை நானே என் கையால் கொடுப்பேன். அவர் சத்தமாகப் படித்தால் இன்னும் நல்லது. விமான நிலையத்துக்கு நீ வர வேண்டாம். டிராமில் வந்து, நடந்து, உன் தெருவுக்கு நானே வந்துவிடுவேன். நான் வந்த பிறகு வரும் முதல் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்தக் குளக்கரையில் நிற்பேன். அன்றைக்கு நாற்காலியை நான் தள்ளுகிறேன். எப்படிப் பிடிப்பது, மேட்டில் எப்படி ஏற்றுவது, போர்வையை எப்படிச் செருகுவது என்று நீ சொல்லிக்கொடு. தப்பாகச் செய்தால் திட்டு. என் அப்பனுக்கு என் கை பட்டதில்லை. அந்தப் பெரியவர் சம்மதித்தால் அவர் மூக்கை ஒரு தடவை நான் துடைத்துவிட வேண்டும்.

அம்மா எனக்கு இரண்டு ஸ்வெட்டர் எடுத்து வைத்துவிட்டாள். கடிதத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு.

அப்பா